கட்டிலில் போன ஐந்து வாரங்கள்

2022 நவம்பரில், ஐப்பசி கடைசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், அம்மா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை இடுப்புக்கு அருகில் முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 67. எங்கள் ஊர் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் 6 கிலோமீட்டர், எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள அரசு மருத்துவமனை 19 கிலோமீட்டர், எலும்பு அறுவை சிகிச்சை நடக்கும் அரசு மருத்துவக் கல்லூரி 70 கிலோமீட்டருக்கும் மேல். நான் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊரில் அம்மாவுடன் இருப்பவர்கள் தம்பியும் அவன் மனைவியும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும்தான். இதே மாதிரி விழுந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எங்கள் தென்னைகளில் பெரும்பகுதி சாய்ந்த பிறகு, தம்பி இரண்டு பசு வாங்கிக் கட்டினான். கொட்டகைத் தரைக்கு வழவழப்பாகச் சிமெண்டு பூசினார்கள். அதில் சாணமும் மழைச் சாரலும் சேர்ந்தால் பாசிப் படிக்கட்டுப் போல ஆகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அம்மா விழுந்து கிடந்தபோது வலது கால் இடது காலைவிடக் குட்டையாகவும், பாதம் முழுக்க வெளிப்பக்கம் திரும்பியும் இருந்ததாகத் தம்பி மனைவி சொன்னார். முதியவர் ஒருவர் கீழே விழுந்து, காலைத் தூக்க முடியாமல், அந்தக் கால் குட்டையாகி வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால், அது பெரும்பாலும் இடுப்பு முறிவுதான் என்பதை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு அக்கம்பக்கத்தார் நான்கு பேர் கையிலும் காலிலுமாகப் பிடித்துத் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினார்கள். அப்படித் தூக்கியிருக்கக் கூடாது. இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து, துண்டால் கால்களை ஒன்றாகக் கட்டி, ஒரு பலகையிலோ பழைய கதவிலோ அசையாமல் தூக்கியிருந்தால் அந்த அரை மணி நேர அலறலில் பாதியாவது குறைந்திருக்கும்.

அடுத்து நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. 108க்கு அழைக்காமல், பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுபவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். 2008 முதல் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை, சாலை விபத்துக்கும் பிரசவத்துக்கும் அழைக்கும் எங்கள் ஊர், ‘வீட்டுக்குள்ளே வழுக்கி விழுந்ததற்கு’ அழைப்பதில்லை. வந்தவர் பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துத் தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டினார். 45 நாளில் எழுந்து நடந்துவிடலாம் என்றார். அவர் மீது எனக்குப் பெரிய கோபம் கிடையாது. அவரிடம் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் கட்டுப் போட்டுச் சரியானவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். விலகாத சிறு முறிவு, அசையாமல் வைத்திருந்தால் தானே கூடிவிடும் என்பதுதான் அவருக்கு இருக்கும் நல்ல பெயருக்குக் காரணம். ஆனால் இடுப்பருகே முறிந்த எலும்பை எந்தக் கட்டாலும் அசையாமல் பிடித்து வைக்க முடியாது.

நான் மறுநாள் மாலைதான் போய்ச் சேர்ந்தேன். கட்டுக்குக் கீழே பாதம் வீங்கி, விரல்கள் சில்லிட்டு இருந்தன. விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்தார், ஆனால் மரத்துப்போய் இருப்பதாகச் சொன்னார். கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, விரல் நுனி வெளுப்பதோ நீலம் பாய்வதோ, தொட்டால் உணர்வு இல்லாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மாவுக்கட்டோ பச்சிலைக் கட்டோ, எதுவானாலும் உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும். நான் கத்தரிக்கோலை எடுத்தபோது பெரியப்பா, “கட்டுனவரக் கேக்காம அவுக்காதம்மா” என்றார். அவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் 108 வந்தது.

இடுப்பு முறிந்த முதியவருக்கு 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிடுவது நல்லது என்பதுதான் எலும்பு மருத்துவர்கள் பல நாடுகளில் பின்பற்ற முயலும் கணக்கு. அம்மாவுக்கு நடந்தது ஏழாம் நாள். முதல் இரண்டு நாள் கட்டிலில் எங்களாலேயே போயிற்று. பிறகு 19 கிலோமீட்டரில் எக்ஸ்ரே, அங்கிருந்து 70 கிலோமீட்டர் தாண்டி மாற்றம். போய்ப் பார்த்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8. வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராவிட்டாலும் தொடைக்குள்ளேயே நிறைய ரத்தம் கசிந்திருக்கும் என்று மயக்க மருத்துவர் விளக்கினார். இரண்டு யூனிட் ஏற்ற வேண்டியிருந்தது.

இன்னொரு நாள் காப்பீட்டு அட்டையால் போயிற்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு அட்டை இருந்தது, ஆனால் இறந்துபோன அப்பாவின் பெயரில் எடுத்த பழைய அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும் திட்டம் அது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போய்ப் புதுப்பிக்கும் வேலையைத் தம்பி அந்த நெருக்கடியில் அலைந்து முடித்தான். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில் அந்த அட்டையை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வார்டில் சிலர், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்க்கச் சொன்னார்கள். அது சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. கொட்டகையில் விழுந்தவருக்குப் பொருந்தாது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தொடை எலும்புக்குள் கம்பி செலுத்தித் திருகு போட்டிருந்தார்கள். ஊர் வழக்கில் இதையும் ‘பிளேட் வச்சாச்சு’ என்றுதான் சொல்வார்கள்.

அன்று இரவு அம்மா எங்களை அடையாளம் காணவில்லை. இருபது வருடத்துக்கு முன் விற்றுவிட்ட எருமையின் பெயரைச் சொல்லி, கன்றை அவிழ்த்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கையில் ஏறிய குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கினார். பக்கத்துப் படுக்கை அம்மாள் காத்து கருப்பு என்று சொல்லித் திருநீறு கொடுத்தார். திருநீறு பூசியதில் தவறில்லை, ஆனால் பணியில் இருந்த செவிலியர் சொன்னதுதான் எனக்குத் தைரியம் தந்தது. வயதானவர்களுக்கு அறுவைக்குப் பின் சில நாள் இப்படி நினைவு தடுமாறுவது உண்டு என்றார். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், பகலில் வெளிச்சம் படும்படி வைத்திருங்கள், தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், கையைக் கட்டிப்போடாதீர்கள் என்றார். மூன்றாம் நாள் காலை அம்மா, “காப்பித்தண்ணி ஆறிப்போச்சு” என்று குறை சொன்னபோதுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

அறுவை முடிந்த இரண்டாம் நாள் வார்டில் அவரை எழுப்பி நிறுத்தி, வாக்கரைப் பிடித்து நான்கு அடி நடக்க வைத்தார்கள். சேர்த்ததிலிருந்து பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது இளம் மருத்துவர் ஒருவர், “பாத்து நடங்க பாட்டி” என்றார். நாங்கள் ‘பாத்து’ என்பதைக் கேட்டுக்கொண்டோம். ‘நடங்க’ என்பதைக் கேட்கவில்லை.

வாடகை வேனில் 3,500 ரூபாய் கொடுத்து வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்த ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றுதான்: எலும்பு கூடுகிற வரைக்கும் காலை ஊன்ற விடாதே. நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஊன்றி நடந்து கம்பி வளைந்துபோன ஒருவர் கதை, தையல் பிரிந்த இன்னொருவர் கதை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். திரும்பவும் அந்த 70 கிலோமீட்டர் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் நாங்களும் அம்மாவைக் கட்டிலைவிட்டு இறக்கவே இல்லை. வாக்கர் சுவர் ஓரத்தில் மடித்தபடி நின்றது, அதன் மேல் துண்டு காய்ந்தது. இப்படி ஐந்து வாரம் போயிற்று.

அந்த ஐந்து வாரத்தில் அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். படுக்கையில் மலசலம் கழிக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான் காரணம். செம்பில் வைத்த தண்ணீர் மாலையில் அப்படியே இருக்கும். யாராவது கேட்டால், இப்பத்தான் குடித்தேன் என்பார். விளைவு, மூன்றாவது வாரம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும். கூடவே மலச்சிக்கல். இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து, பிறகு கறுத்து, தோல் உரிந்தது. முறிந்தது வலது கால், புண் வந்தது நல்ல காலில். அந்தக் காலை ஊன்றித்தான் அவர் படுக்கையில் நகர்ந்துகொண்டிருந்தார் என்பதால் குதிகால் பாயில் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் முதுகையும் புட்டத்தையும் தினமும் பார்த்தோம், குதிகாலைப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதோடு, கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் இருக்கும்படி செய்திருந்தால் அந்தப் புண் வந்திருக்காது. அது ஆற இரண்டரை மாதம் ஆயிற்று. அறுவைக் காயம் ஆற இரண்டே வாரம்தான் ஆயிற்று.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாரம் மூன்று நாள் வைத்துக் கொடுத்தோம், அம்மாவும் ருசித்துக் குடித்தார். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் சூப்பை நம்பி முட்டையை விட்டுவிட்டோம். சதை வற்றிக்கொண்டிருப்பவருக்கு வேண்டியது புரதம். முட்டை, பருப்பு, நிலக்கடலை, மீன் எல்லாம் எங்கள் ஊரில் சூப்பைவிட மலிவாகக் கிடைக்கும்.

நிலைமை மாறியது எங்கள் முயற்சியால் அல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் ஒருவர் எங்கள் ஊருக்கும் உண்டு. எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு மாத்திரை கொடுக்க வந்தவர், திண்ணையில் இருந்து எட்டிப் பார்த்து, “பிசியோதெரபி பதிஞ்சிருக்கீங்களா?” என்று தம்பி மனைவியிடம் கேட்டார். அப்படி ஒன்று வீட்டுக்கே வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து இயன்முறை மருத்துவர் வந்தார். அதிகம் போனால் இருபத்தைந்து வயதுப் பெண். நானும் அன்று ஊரில் இருந்தேன்.

அவர் முதலில் அம்மாவைத் தொடவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு நிமிர்ந்து, “யாரும்மா கால ஊனக் கூடாதுன்னு சொன்னது?” என்றார். சீட்டின் அடியில் ‘எஃப்.டபிள்யூ.பி.’ என்று மூன்று எழுத்துகள் இருந்தன. முழு எடையையும் ஊன்றி நடக்கலாம் என்று பொருளாம். கணக்குப் பிரிவில் பதினெட்டு வருடம் சுருக்கெழுத்துகளோடு வாழ்ந்த நான் அதை ஏதோ மாத்திரைப் பெயர் என்று நினைத்துக் கடந்திருந்தேன். அம்மாவின் போர்வையை விலக்கி, இரண்டு தொடைகளிலும் டேப்பை வைத்துச் சுற்றளவு அளந்து காட்டினார். வலது தொடை நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: மருத்துவமனையைவிட்டுக் கிளம்பும் முன், காலை ஊன்றலாமா, எவ்வளவு ஊன்றலாம், எந்த நாளிலிருந்து, இந்த மூன்று கேள்விக்கும் பதிலைத் தமிழில் எழுதி வாங்குங்கள், அல்லது செவிலியரிடம் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எல்லா முறிவுக்கும் ஒரே விதி கிடையாது. முழங்காலிலோ கணுக்காலிலோ அறுவை செய்தவர்களில் பலரை ஆறு வாரம் வரை ஊன்றவே கூடாது என்று சொல்வார்கள், அவர்கள் எங்கள் கதையைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிடக் கூடாது. அந்தச் சீட்டில் எழுதியிருப்பதுதான் வழி, பார்க்க வருகிறவர்கள் சொல்வது அல்ல.

இயன்முறை மருத்துவரால் மாதத்துக்கு இரண்டு முறைதான் வர முடிந்தது. ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டியவர் அவர். மீதி நாள்களைத் தம்பி மனைவிதான் பார்த்துக்கொண்டார். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டை அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குவது, வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. அம்மா ஒன்று, இரண்டு என்று எண்ண மறுத்தார், சலிப்பாக இருக்கிறது என்றார். நடவுக்கு நாற்று முடி எண்ணிப் போடுவதைப் போல எண்ணச் சொன்னார் தம்பி மனைவி. அதற்குப் பிறகு ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று ராகம் போட்டே எண்ணினார். இந்த யோசனை எனக்கோ மருத்துவருக்கோ தோன்றியிருக்காது. தம்பி மனைவிக்கு அந்த நான்கு மாதமும் நூறு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. அந்தக் கூலியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, நானே இரண்டு மாதம் கழித்துத்தான் யோசித்தேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வெளியூரில் இருப்பவர்கள் நலம் விசாரித்தால் போதாது, பணம் அனுப்ப வேண்டும்.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து போவதால் அதிலிருந்து யாராலும் எழ முடியாது. மரக் கட்டிலுக்கு மாற்றி, நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்து, உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிந்து முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி உயர்த்தினோம். கழிப்பறைக்கு முதலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை வெட்டிப் போட்டோம், ஊரில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஈரத் தரையில் அதன் கால்கள் விரிந்து, அம்மா மறுபடியும் விழப் பார்த்தார். பிறகுதான் இரும்புக் கால் வைத்த கமோடு நாற்காலி வாங்கினோம். வாக்கரோ வாசலைத் தாண்டவில்லை. மழை ஈரத்தில் முற்றத்து மண்ணுக்குள் அதன் கால்கள் இறங்கிவிடும். வீட்டு வாசலிலிருந்து கொட்டகை வரைக்கும் தம்பி இரண்டடி அகலத்துக்குக் கடப்பாக்கல் பதித்தான், சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி. கொட்டகைத் தரையைக் கொத்திவிட்டு வரிவரியாகக் கோடு இழுத்துப் பூசினான்.

மறுபரிசோதனைக்குப் போவது தனிப் பாடு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எங்கள் ஊர் நிறுத்தத்தில் பேருந்தின் முதல் படி அம்மாவின் முழங்காலைவிட உயரம். வேன் வைத்துத்தான் இரண்டு முறை போய்வந்தோம். மூன்று மாத எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. வழுக்கி விழுந்த அளவிலேயே முறிந்ததால் எலும்பு ஏற்கனவே மெலிந்திருக்கிறது என்றும், ஒரு பக்கம் முறிந்தவர்களுக்கு மறுபக்கமும் முறியும் வாய்ப்பு அதிகம் என்றும் சொல்லி, கால்சியத்தோடு எலும்பு மெலிவுக்குத் தனி மருந்தும் எழுதினார்கள். முறிவுக்கு மட்டும் மருத்துவம் பார்த்துவிட்டு இதைக் கேட்காமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். நாங்களும் அவர்களாகவே சொன்னதால்தான் தெரிந்துகொண்டோம்.

அம்மா இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். லேசாகச் சாய்ந்து நடப்பார், தரையில் உட்கார மாட்டார், பால் கறப்பதை மருமகளிடம் விட்டுவிட்டார். ஆனாலும் விடிந்ததும் கடப்பாக்கல் வழியாகக் கொட்டகைக்குப் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார். முதல் ஐந்து வாரமும் நடந்திருந்தால் இதற்கு மேலும் நடந்திருப்பாரா என்று அந்த இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், இன்றைக்கு எத்தனை முறை பயிற்சி செய்தார் என்று திருப்பிக் கேட்டார்.

வாக்கர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இல்லை. மேலத்தெருவில் குளியலறையில் விழுந்த ஒரு பெரியம்மாவுக்குப் போய், அங்கிருந்து லாரியிலிருந்து விழுந்த ஒரு பையனுக்குப் போய், இப்போது நான்காவது வீட்டில் இருக்கிறது. அடியில் இருக்கும் ரப்பர் புஷ் சிமெண்டுத் தரையில் சீக்கிரம் தேய்ந்துவிடும், தேய்ந்தால் வழுக்கும். ஆகவே யார் வாங்கிப் போனாலும் தம்பி புதுசாக நான்கு புஷ் மாட்டிக் கொடுக்கிறான். கூடவே, டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டச் சொல்கிறான்.